அட்டைச் சுவர் ஸ்டேஷன்

"என் தையல் மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டான், தம்பி!"

போலீஸ் வேஷத்தில் ஒட்டு மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்த நடிகர் திரும்பினார். கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு தையல்காரம்மா மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

அவருக்குப் பாவமாகிவிட்டது. அவள் நுழைந்திருந்தது போலீஸ் ஸ்டேஷனே இல்லை. போலீஸ்காரர்களைக் கேலி செய்யும் டிவி காமெடி சீரியலுக்குப் போட்ட செட். பார்க்க ஆளே இல்லையென்று ஆரம்பித்த சூட்டிலேயே சேனல் அதை ஊற்றி மூடிவிட்டது. இன்றோடு ஷூட்டிங் முடிந்தது.

இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? மீசையைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்.

"உக்காருங்கக்கா. எப்ப போச்சு?"

"போன வாரம். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள பிள்ளைங்க யூனிஃபார்ம் அத்தனையும் தச்சாகணும். கையை ஒடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஆனா நான் கேக்க வந்தது..."

"எல்லாம் நான் பாத்துக்கறேன். யார் மேலயாவது சந்தேகமா?"

"சந்தேகமென்ன? எதிர்வீட்டுக்காரன்தான். ஜன்னல் வழியா மெஷினே தெரியுது! ஒரு போலீஸ்காரர் வாசல்ல போய் நின்னாப் போதும், வாயைத் தொறக்காம குடுத்துடுவான். அதுக்குத்தான் தம்பி..."

சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த டைரக்டர் சிரித்தார்.

"யோவ், விசாரணையெல்லாம் பலமா இருக்கு! நம்ம சீரியலை நம்பின ஒரே ஜீவன் இந்தம்மாதான்யா. சேனல்காரன்கிட்ட கூட்டிட்டுப் போய்க் காட்டு!"

நடிகருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. நான் நிஜ போலீஸ் இல்ல, வெறும் வேஷம். நிஜ ஸ்டேஷன் அடுத்த தெருவுல இருக்கு."

"தெரியாமலா வந்தேன்? சாஞ்சா செவுரே ஆடுது!" என்றாள் அவள். "அந்த ஸ்டேஷன்லேர்ந்துதான் வரேன். காலையில போனா உங்க சீரியல்ல நேத்து எபிசோடு, சாயங்காலம் போனா புது எபிசோடு. பெரியவர், சின்னவர் அத்தனை பேரும் டிவி முன்னாடி வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. என்னை யாரு பாக்கறா? 'இரும்மா, இந்த சீரியல் முடியட்டும்'கறாங்க."

டைரக்டரின் கையிலிருந்த பெட்டி நழுவியது.

"அதைக் கேக்கத்தான் வந்தேன்," என்றாள். "எப்ப தம்பி முடிப்பீங்க?"