ஏழு சீட்டும் பொய்

"மேடம், இந்தப் பலகையில எழுதறவங்க புத்தகத்தைப் படிச்சுட்டு எழுதறாங்களா, இல்ல வாய்க்கு வந்ததை எழுதறாங்களா?"

பல் டாக்டர். காதல் நாவலுக்கெல்லாம் பிரவுன் அட்டை போட்டு, யார் கண்ணிலும் படாமல் எடுத்துப் போகிற மனுஷன். அவரே வெட்கத்தை விட்டுச் சத்தம் போடுகிறார்!

"என்ன சார் ஆச்சு?"

"லைட்ஹவுஸ் கதை. 'கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துடறாங்க, மனசு நிறைஞ்சுபோச்சு'ன்னு போட்டிருக்கு. நம்பி எடுத்துட்டுப் போனேன். கடைசிப் பக்கத்துல அவ செத்துட்டா! பேஷண்ட் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார், நான் கண்ணைத் துடைச்சுட்டு நிக்கறேன்."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அங்கேதான் 'வாசகர் கருத்து' பலகை இருக்கிறது. நூலகத்தில் நானே ஆரம்பித்து வைத்தது. எழுதிக் கொடுக்கிற சீட்டை வாங்கி அவசரத்தில் குத்திவிடுவதோடு சரி, சரிபார்த்ததில்லை.

லைட்ஹவுஸ் சீட்டை எழுதியது எதிர்ச் சந்து தையல்காரம்மா. அவருடைய மற்ற சீட்டுகளையும் பார்த்தேன்.

கப்பல் இன்ஜினியர் கதைக்கு, 'அவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிற இடம் அருமை.' எங்கே வந்தான்? கப்பலோடு முழுகிப் போனான்.

நர்ஸ் கதைக்கு, 'கல்யாணத்துக்கு அப்புறம் அவன் பேசும் பேச்சு இருக்கே, அடடா!' மாப்பிள்ளை ஜுரத்தில் போய், கல்யாணமே நடக்காத கதை அது.

மொத்தம் ஏழு சீட்டு. ஏழும் பொய்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. புத்தகத்தைத் திறக்காமலே படித்த மாதிரி பவிசு காட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஏழு சீட்டையும் பிடுங்கி மேஜை மேல் வைத்தேன். வரட்டும், நாலு பேர் முன்னாலேயே கேட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் வந்தது அந்தம்மா இல்லை, அவர் வீட்டுக்காரர். பஸ் டிரைவர். தினமும் வாசலோடு நின்று பலகையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே காலெடுத்து வைத்ததே கிடையாது. இன்றைக்கு விடுவிடுவென்று என் மேஜைக்கே வந்தார்.

"பலகையில என் சம்சாரம் எழுதின சீட்டையெல்லாம் காணோமே மேடம்?"

"நான்தான் எடுத்தேன். எல்லாம் பொய். உங்க வீட்டம்மா ஒரு புத்தகம்கூடப் படிக்கலை."

மனுஷன் முகம் சுண்டிப்போனது.

"அவளுக்கு ஏது மேடம் நேரம்? மெஷின்ல உட்கார்ந்தா கை ஓயாது. டியூட்டி முடிஞ்சு வந்து நான்தான் பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டறேன்."

"அப்ப தப்புத் தப்பாவா படிச்சுக் காட்டறீங்க?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதல் தடவை படிச்ச கதையில கதாநாயகி செத்துட்டா. இவ தைச்சுக்கிட்டே அழுதா பாருங்க, ஊசி விரல்ல இறங்கிடுச்சு. நகம் போச்சு. அன்னையிலேருந்து யாராவது சாகப்போறாங்கன்னு தெரிஞ்சா, நானே ஒரு முடிவைச் சொல்லிப் புத்தகத்தை மூடிடுவேன். என் நேரம், அவ எடுத்துட்டு வர்றதெல்லாம் சாகற கதையாவே மாட்டுது!"

"காதல் வசனமெல்லாம் நீங்களே சொந்தமாவா?"

"ஏதோ... வாயில வந்தது." தலையைச் சொறிந்தார். "சீட்டைத் திரும்ப மாட்டிடுங்க மேடம். அதைப் பார்த்துட்டுத்தான் பஸ் எடுக்கவே போவேன். அவகிட்டயும் சொல்லிடாதீங்க. எல்லாம் என் புளுகுன்னு தெரிஞ்சா, அப்புறம் நான் படிக்கறதைக் கேட்கவே மாட்டா."

அந்தம்மாவையா திட்டக் காத்திருந்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு சீட்டையும் பழைய இடத்திலேயே மாட்டினேன். பல் டாக்டருக்கு மட்டும் இனி நானே காதோடு முடிவைச் சொல்லிவிட்டால் போகிறது.

மறுநாள் தையல்காரம்மா வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப், விரலில் நகம் இன்னும் முழுசாக வளரவில்லை.

"லைப்ரரியம்மா, புதுசா ஒண்ணு குடுங்க."

டிரைவருக்குச் சிரமம் வைக்க வேண்டாம் என்று, கல்யாணத்தில் முடிகிற கதையாகத் தேடி எடுத்து நீட்டினேன்.

அந்தம்மா நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். நின்றபடியே படித்தார். மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது வேண்டாம்மா. இதுல ரெண்டு பேரும் சேர்ந்துடறாங்க."

எனக்குத் திக்கென்றது. "அப்ப உங்களுக்கு நிஜ முடிவெல்லாம் முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே ஏன் சீட்டுல அப்படி எழுதறீங்க?"

அந்தம்மா முகத்தில் இத்தனை வெட்கத்தை நான் பார்த்ததே இல்லை.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். 'சாப்பிட்டியா'ங்கறதைத் தாண்டி அவருக்கு ஒரு வார்த்தை வராது. கதையில வர்றவன் பேசற மாதிரி பேசும்போதுதான் மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டறார். போன வாரம், 'நீ இல்லாத வீடு எனக்கு வீடே இல்ல'ன்னார். எனக்குத் தலை நிமிரவே முடியலை, தைச்சுக்கிட்டே இருந்தேன். பதில் சொல்லவும் கூச்சம். அதான் பலகையில எழுதறேன். தினம் நின்னு படிக்கறாரில்ல?"

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அந்தம்மா அவசரமாக அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நல்லா சாகற கதையாப் பார்த்து ஒண்ணு குடுங்கம்மா. இன்னைக்கு அவர் சீக்கிரம் வந்துடுவார்."