உரசும் சத்தம்

எலும்பை என் கையில் கொடுத்தபோது ஆர்வில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காய்ந்த தோள்பட்டை எலும்பு. போன வருஷம் அடித்த கடமானுடையது. அதை வில்லோ புதரில் உரசினால், ஒரு கடமான் கொம்பைத் தேய்க்கிற மாதிரியே கேட்கும். சண்டைக்கு ஆள் வந்திருக்கிறது என்று எங்கேயோ நிற்கிற ஆண் கடமான் இறங்கி வரும்.

மோட்டாரை மேல் வளைவிலேயே அணைத்துவிட்டோம். கோயுகுக் ஆறு இழுத்த இழுப்புக்குப் படகு தானாக வந்தது. இரண்டு கரையிலும் சுவர் வைத்த மாதிரிப் புதர். உள்ளே போனவனுக்கு நீட்டிய கை தெரியாது.

நாளைக் காலையில் என் தம்பி கிளெமென்டைப் புதைக்கிறோம்.

விருந்துக்கு இன்னும் இறைச்சி இல்லை. கடைக்கோழியைப் போட்டு ஒருவனை அனுப்பிவைத்தால் அவன் பசியோடுதான் போவான். ஊரில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆர்வில் என் தங்கையின் புருஷன். அவன்தான் சுட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"வேற யாரும் வேணாம். நீயும் அவனும் போங்க."

மற்ற ஆண்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் படகைத் தள்ளியபோது ஒருவரும் நிமிரவில்லை.

விடிந்ததிலிருந்து சுற்றியாயிற்று. இருக்கிற பெட்ரோல் வீடு போய்ச் சேரத்தான் ஆகும். இதுதான் கடைசி இடம்.

நான் கரையில் இறங்கினேன்.

"பெரியவர் வர்ற நேரம் பாத்துத் தூங்கிடாத மச்சான்," என்றேன். ஆற்றில் இருக்கும்போது கடமானைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். அதற்குக் காது உண்டு.

அவன் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால், நீ உரசறியா முதுகச் சொறியறியா என்று திருப்பிக் கேட்டிருப்பான். என் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தான்.

"ரொம்ப உள்ள போகாத," என்றான்.

போகாமல் முடியாது. ஈரச் சேறு. முள். முகத்தில் அடிக்கிற கிளைகள். ஆறு இலை இடுக்கில் மட்டும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

உரசினேன். நிறுத்தினேன். மறுபடி உரசினேன்.

எனக்கு இது சுமாராகத்தான் வரும். தம்பிக்குத்தான் அந்தக் கை. அவன் உரசினால் வேட்டைக்காரனே நம்பிவிடுவான்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. கால் மரத்துப்போனது.

அப்புறம் மேல்பக்கம் சுள்ளி முறிந்தது. கனமான கால். ஒரு செருமல். இன்னொன்று, இன்னும் பக்கத்தில்.

அது எனக்கும் ஆற்றுக்கும் நடுவில் வந்து நின்றது. இலை இடுக்கில் கொம்பு தெரிந்தது. கதவு அகலம் இருக்கும். ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடலாம்.

கொம்புக்கு அந்தப் பக்கம் ஆர்வில் படகில் எழுந்து நிற்பது துண்டு துண்டாகத் தெரிந்தது. துப்பாக்கி தோளுக்கு ஏறியிருந்தது.

நான் சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டேன். குண்டு மேலே போகட்டும். சுடு என்று மனசுக்குள் சொன்னேன்.

அவன் சுடவில்லை.

"மச்சான்."

மெதுவாகத்தான் கூப்பிட்டான். கடமானின் காது அவன் பக்கம் திரும்பியது.

"மச்சான், எங்க இருக்க? ஒரு வார்த்த பேசு."

வாயைத் திறந்தால் அது போய்விடும். அதோடு தம்பியின் சாப்பாடும் போய்விடும். பேசாமல் கிடந்தால் ஒருவேளை சுடுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

"பேசுடா," என்றான். அது பெரிய மனுஷன் குரலாக இல்லை.

"இங்கதான் இருக்கேன்," என்றேன். "படுத்திருக்கேன். சுடு."

நான் சொல்லி முடிப்பதற்குள் அது திரும்பிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு. போன சத்தம்கூடக் கொஞ்சம்தான். புதர் மூடிக்கொண்டது.

படகுக்கு வந்தேன். ஆர்வில் துப்பாக்கியை அதற்குள் கீழே வைத்துவிட்டிருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். நானே மோட்டாரை இழுத்தேன்.

அம்மா கரையில் நின்றாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தோம். நல்லா பக்கத்துல வந்தாரு. இவன் என்னக் கூப்ட்டான். நான் பேசினேன். போயிட்டாரு."

அவள் வெறும் படகைப் பார்த்தாள். பிறகு ஆர்விலைப் பார்த்தாள்.

"போன வாரமும் ஒரு தடவ கூப்ட்டுப் பாத்திருக்கலாம்," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மீனை அடுப்பிலிருந்து கொஞ்சம் முன்னாலேயே இறக்கியிருக்கலாம் என்கிற மாதிரிச் சொன்னாள்.

போன வாரம் ஆர்வில் தனியாக மிதந்து வந்தான். புதருக்குள் உரசும் சத்தம் கேட்டது. தம்பி வேறு படகில் முன்னாலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. கிளை ஆடியது. ஒரே குண்டு. போலீஸ்காரர் விமானத்தில் வந்தார், விசாரித்தார், அவனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்.

ஆர்வில் கரை ஏறாமல் முழங்கால் தண்ணீரிலேயே நின்றான்.

அவன் ஏறி வருகிறவரை அம்மா வீட்டுக்குப் போகவில்லை.