ஒட்டும் பிரிவு

"கழுத்தை நெரிக்காதடி, தோளைப் பிடி" என்றபடி அண்ணன் தங்கையை முதுகில் சுமந்துகொண்டு படியேறினான். லிஃப்ட் ஓடவில்லை. நரம்பு டாக்டரின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது.

"எறக்கி விடுண்ணே. கைப்பிடியைப் பிடிச்சு நானே ஏறிக்குவேன்."

"ஏறி, அப்புறம் உருண்டு வர்றதுக்கா? சும்மா வா."

பின்னால் ஏறி வந்த ஓர் அம்மாள் ஒற்றைச் செருப்பை நீட்டினாள். "உன்னுதாம்மா? கீழ்ப் படியிலேயே கழண்டு விழுந்துச்சு. தெரியலையா?"

தெரியவில்லை. ஒன்பது மாதமாகவே, காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. செருப்பு கம்பெனிக்காரிக்கு வந்த வியாதியைப் பார் என்று ஆரம்பத்தில் அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"பெத்த தகப்பன்கூட இப்படிச் சுமக்க மாட்டான். குடுத்து வெச்சவ நீ" என்றாள் அந்த அம்மாள்.

அது தங்கைக்குத் தெரியாதா? புருஷன் வீடு வேண்டாம் என்று ஒற்றைப் பெட்டியோடு வந்து நின்றவளை, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டவன் அண்ணன். கம்பெனியில் அவன்தான் சூப்பர்வைசர். பிள்ளைகள் படிப்பைப் பார்க்க வேண்டும் என்று அண்ணி வேலையை விட்டதும், அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் அவள் இடத்தை இவளுக்கே கொடுத்தான்.

அண்ணியும் குறை வைக்கவில்லை. கால் விரல்கள் முதன்முதலாக மரத்தபோது இவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணிதான் தானாக வந்து, "செருப்பு கழலுதா?" என்று கேட்டாள். சொல்லாமலே புரிந்துகொள்கிறாளே என்று இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு நான்கு டாக்டர்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை. ஒருவர் சத்து ஊசி போட்டார். நான்காமவர் அண்ணனிடம், "புருஷனை விட்டு வந்தவங்க. மனசுல எதையோ வெச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் தன் காலையே சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினாள். நிஜமாகவே வேஷம்தான் போடுகிறதோ?

ஐந்தாவது டாக்டர் ஒரு பெண்மணி. பாதத்திலிருந்து ஊசிமுனையால் குத்திக்கொண்டே மேலே வந்தார். கெண்டைக்கால் வரைக்கும் அவள் முகம் சுளிக்கவே இல்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வீட்லதான் இருக்கா டாக்டர்" என்றான் அண்ணன். எல்லா டாக்டரிடமும் அவன் சொல்வது அதுதான். கம்பெனிப் பதிவில் அவள் பெயர் கிடையாது. எதற்கு வம்பு என்று அவளும் வாய் திறப்பதில்லை.

டாக்டர் அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நக இடுக்குகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"நரம்புக்குக் கரண்ட் வெச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும். நீங்க கீழ போய்ப் பேர் குடுத்துட்டு வாங்க" என்றார் அண்ணனிடம். செல்போனையும் பையையும் தங்கையின் மடியில் வைத்துவிட்டு அவன் இறங்கினான்.

கதவு சாத்தியதும் டாக்டர் கேட்டார். "இப்போ சொல்லுங்க. வீட்ல எதை ஒட்டுறீங்க?"

சொன்னாள். பத்து மணி நேரம் பசை டப்பாவும் பிரஷ்ஷும். தூசி பட்டால் ஒட்டாது என்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். வேலை முடிந்து எழுந்தால் தலை கிறுகிறுக்கும்.

டாக்டர் பேனாவை மூடினார். "டெஸ்ட்ல உறுதி பண்ணிக்கலாம். ஆனா எனக்கு இப்பவே முக்கால்வாசி தெரியுதும்மா. அந்தப் பசையிலேர்ந்து வர்ற ஆவி உங்க நரம்பைத் தின்னுக்கிட்டு இருக்கு. இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க. ரெண்டு மூணு மாசம் இன்னும் கூடுற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. அப்புறம் மெதுவா கால் திரும்பி வரும்."

"அப்போ… மனசு இல்லையா டாக்டர்?"

"மனசா? யாரு சொன்னா?"

அவள் வாய்விட்டு அழுதாள். வியாதிக்குக் காரணம் கிடைத்ததற்காக ஒருத்தி இத்தனை சந்தோஷப்படுவாளா என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அண்ணனை நினைத்துப் பகீர் என்றது. 'என் கையாலதானே உன்னை அங்க உக்கார வெச்சேன்' என்று தலையில் அடித்துக்கொள்வானே. பக்குவமாகச் சொல்ல வேண்டும். "உன் தப்பு இல்லண்ணே. உனக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பிக்கலாம். உதட்டுக்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

அண்ணனின் செல்போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று வந்தது. அண்ணிதான்! நல்ல சேதியை முதலில் அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று ஆசை ஆசையாக எடுத்துக் காதில் வைத்தாள்.

இவள் வாய் திறப்பதற்குள் அண்ணியின் குரல் தணிந்து, பதற்றமாக வந்தது.

"என்னங்க, எனக்கு வந்தப்போ சொன்ன மாதிரியே அவளுக்கும் பசைதான்னு சொல்லிட்டாங்களா?"