செங்கமலத்தின் மூச்சு

செங்கமலம் மூச்சு விடும்வரை அந்தக் குடியிருப்பில் மின்விசிறி நிற்காது. மின்சார நிறுவனங்கள் புதுமை செய்யட்டும் என்று ஆணையம் விதிகளைத் தளர்த்தியதும் முளைத்த முதல் புதுமை அது. கோடை முழுக்க ஊருக்கே மின்வெட்டு. மூச்சுக் கருவியில் நோயாளி இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் விலக்கு. கருவியே மூச்சை எண்ணி நிறுவனத்துக்குச் சொல்லும்; மூச்சு நின்றால் விலக்கும் நின்றுவிடும். அதனால் மாடி வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்தார்கள்.

ஒரு மத்தியானம் அவள் கண்ணை மூடிவிட்டாள். கணவர் தணிகாசலத்தின் அழுகுரல் கேட்டு மாடி வீட்டு வனஜா ஓடிவந்தாள். மூச்சைக் காணாமல் கருவியின் விளக்கு மஞ்சளாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வனஜா இறந்தவளின் மாஸ்க்கைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"அண்ணா, பொழுது சாயற வரைக்கும் போட்டுக்கோங்க. என் கைக்குழந்தைக்கு ஜுரம் கொதிக்குது. இந்த வெக்கையில ஃபேன் நின்னா தாங்காதுண்ணா."

அந்தக் குழந்தைக்குப் பேர் வைத்ததே செங்கமலம்தான். அவர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் படுத்தார். விளக்கு பச்சையானது. மாஸ்க்கில் அவளுடைய தைல வாசனை இன்னும் இருந்தது. அவர் விம்மியதில் மூச்சு தடுமாறியது. விளக்கு மறுபடி மஞ்சளானது.

"அழாதீங்கண்ணா," என்றாள் வனஜா, விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "அண்ணி மாதிரியே சீரா மூச்சு விடுங்க."