கள்ள விளையாட்டு

“வைத்தியம் செய்ய வந்தவள் கடதாசி விளையாடிக்கொண்டு இருக்கிறாள். அதுவும் கள்ள விளையாட்டு!” குசினிக்குள் நின்று பொருமினாள் அன்னபூரணம்.

மாத்தறையில் கடை நடத்திய அவளுடைய கணவர் பரமலிங்கம், பாரிசவாதத்தில் வலது கை இயங்காமல்போக, அறுபத்தொன்பதாம் ஆண்டில் சொந்த ஊரான கரம்பொனுக்கே திரும்பிவிட்டார். வாய்க்கு ஒரு குறையுமில்லை.

கொழும்பில் படித்து, இப்படி விழுந்த கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் ஞானசவுந்தரி. வந்து அவருடைய கையை மடக்குவாள், நீட்டுவாள். பிறகு சீட்டாடக் கடதாசிக் கட்டை எடுப்பாள்.

“பிள்ளை, துரும்புக் கடதாசியை மடிக்குள்ள ஒளிச்சனீர்!”

“இல்லை ஐயா. உங்களுக்குக் கண்ணும் பழுது.”

“நான் கண்டனான்!”

“கண்டால் எடுங்கோவன்.”

தேத்தண்ணியோடு வந்த அன்னபூரணத்துக்குப் பொறுக்கவில்லை.

“ஏலாத மனிசனை ஏமாத்துறீரே! உமக்கு ஏன் பிள்ளை இந்த வேலை?”

ஞானசவுந்தரி சிரித்தாள்.

“சின்னனில கால் முறிஞ்சு ஆசுப்பத்திரியில கிடந்தனான் அக்கா. வந்தவை எல்லாரும் ‘ஐயோ பாவம்’ எண்டு தலையைத் தடவிச்சினம். நானும் சுகமாப் படுத்திருந்தன். ஒரு நேர்ஸ் மட்டும் என்ர மாம்பழத்தைத் தூர வைச்சு, ‘வேணுமெண்டா வந்து எடு’ எண்டா. நான் போகேல்லை. எனக்கு முன்னாலயே நிண்டு சாப்பிட்டா! அவவுக்கு அடிக்கவெண்டுதான் எழும்பினனான். நடந்தது அப்பிடித்தான். வளர்ந்து அந்த வேலைக்கே வந்திட்டன்.”

“நல்ல வேலை!” என்று கழுத்தை வெட்டிக்கொண்டு போனாள் அன்னபூரணம்.

அடுத்த ஆட்டம். மறுபடியும் ஒரு கடதாசி மடிக்குள் நழுவியது.

“கள்ளி!”

பரமலிங்கத்தின் வலது கை பாய்ந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது.

ஞானசவுந்தரிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுகணம் அந்தப் பிடியை உற்றுப் பார்த்தாள்.

“இது இண்டைக்கு வந்த பலம் இல்லையே, ஐயா?”

பரமலிங்கம் மெல்லக் கையை எடுத்தார். வேலிப்பக்கம் பார்த்தார்.

“கொஞ்ச நாளா… சாடையா அசையுது…” குரல் தணிந்தது. “மனிசிக்குச் சொல்லிப்போடாதையும். காலம் முழுக்கக் கடைப் பெடியள் சமைச்சதைத் திண்டனான். இப்பதான் அவள் குழைச்சு வாயில தீத்துறாள்.”

“அது சரிவராது ஐயா. பாவிக்காமல் விட்டால் கை திரும்பவும் பழுதாப்போகும்.”

அவள் நேரே குசினிக்குப் போனாள். அன்னபூரணம் சோறு குழைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஐயாவின்ர கை…”

“தெரியும்.” அன்னபூரணம் நிமிரவில்லை. “முந்தநாள் அந்தக் கையாலதான் நுளம்பு அடிச்சவர்.”

“பிறகேன் தீத்துறியள்?”

“கலியாணம் கட்டின நாள் தொட்டு, திருவிழாவுக்கு வந்திட்டு அடுத்த நாளே கடைக்கு ஓடுற மனிசன். இப்பதான் எனக்கு முன்னால ஆறுதலா இருந்து சாப்பிடுறார்.” உருட்டிய சோற்றைக் கோப்பையில் வைத்தாள். “நான் கண்டதை அவருக்குச் சொல்லிப்போடாதையும், பிள்ளை.”

ஞானசவுந்தரி சோற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு, மற்றக் கையால் அன்னபூரணத்தையும் இழுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தாள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினாள்.

“இண்டையில இருந்து புதுப் பயிற்சி, ஐயா. அந்தக் கையால நீங்கள் அக்காவுக்குத் தீத்தவேணும்.”