சகனில் ஒரு கறித்துண்டு

வாப்பா மவுத்தாகி நாற்பதாம் நாள் விருந்து. பத்து வருஷமாக முகம்பார்த்துப் பேசாத மீரானையும் அவன் தம்பி சதக்கையும் உறவுக்காரர்கள் பலர் சேர்ந்து சாப்பிடும் ஒரே சகன் தட்டின் முன் எதிரெதிராக உட்காரவைத்துவிட்டார்கள்.

சோற்றின் நடுவில் நல்ல கறித்துண்டு ஒன்று இருந்தது. மீரான் அதைத் தம்பி பக்கம் தள்ளினான். சதக் அதை அண்ணன் பக்கமே திருப்பித் தள்ளினான். மறுபடியும் அது தம்பியிடம் போய், மறுபடியும் திரும்பி வந்தது.

"நான் சரியா வேகலையா? ரெண்டு பேருமே என்னை வேண்டாங்கறாங்களே!" என்று கறித்துண்டு விசும்பியது.

"சத்தம் போடாதே," என்றது தட்டு. "இப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க."

கறித்துண்டு அடங்கியது. மீரான் அதை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைத் தம்பி பக்கம் வைத்தான்.

சதக் அதைத் திருப்பித் தள்ளவில்லை.