ராஜ வீதியின் மேல்பாதி

டப்ளினிலிருந்து நித்யஸ்ரீ வீடியோ காலில் வந்தாள். கோயமுத்தூரிலேயே இருக்கும் கவினைக் காதலிப்பதாகச் சொன்ன நாளிலிருந்து அப்பா ஈஸ்வரமூர்த்தி அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

“நானும் உங்கம்மாளும் கல்யாண மேடையிலதான் மொதமொதல்ல மூஞ்சியே பாத்துக்கிட்டோம்” என்று இன்றும் ஆரம்பித்தார்.

“அது இருக்கட்டுங்க அப்பா. பழைய கோயமுத்தூர் போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன். எந்த வருசம்னு சொல்லுங்க, பாக்கலாம்.”

பழைய படம் என்றால் அவருக்குக் கோபமெல்லாம் மறந்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஓட்டுக் கூரையும் மர பால்கனியுமாக ஒரு மாடிக் கட்டடம் தெரிந்தது.

“இது ராஜ வீதி ஓட்டல் கண்ணு. தொண்ணூத்தி ரெண்டுல இடிச்சுப்போட்டாங்க. அதுக்கு முன்னால எடுத்த படம்.”

“நல்லாத் தெரியுங்களா?”

“கோயமுத்தூர் கட்டடத்துல எனக்குத் தப்பு வருமா?”

“உங்க கல்யாணம் தொண்ணூத்தி நாலுதானுங்களே?”

“ஆமா, அதுக்கென்ன?”

“நான் மேல்பாதியத்தான் அனுப்பினனுங்க. இப்ப முழுப் படத்தையும் பாருங்க.”

கட்டடத்துக்குக் கீழே, ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டிருந்தார் இளவட்ட ஈஸ்வரமூர்த்தி. பின்னால் தோளைப் பிடித்தபடி ஒரு தாவணிப் பெண், முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள்.

“பின்னாடி உக்காந்திருக்கறது அம்மாங்களா, வேற யாராச்சுங்களா?”

அம்மா சாந்தாமணி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, பாத்துச் சொல்லுங்க. அது நானில்லீன்னீங்கன்னா ராத்திரிக்குச் சோறில்லை.”

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தக் கவினை ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வரச் சொல்லு கண்ணு.”